பூசியவரும் இழைத்தவரும்

சொற்பட்டறை – 17

எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் பட்டி பார்க்க வந்தவர், பகலில் வேலையை முடித்துவிட்டுப் போனார். இரவு ஏழரைக்குத் திரும்பி வந்து விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். நீண்ட ஒயரில் தொங்கிய குண்டு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பகலில் கண்ணாடியாகத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழலாக எழும்பின. “இப்பத்தான் சார் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு போனார். ஒரே சுவரில் பத்தொன்பது வட்டம். எண்ணிவிட்டேன்.

இவர் செய்யும் வேலையின் பெயரை நாம் ஊருக்குள் எதற்குப் பயன்படுத்துகிறோம்? அடிபட்ட வண்டியைப் ‘பட்டி டிங்கரிங் பார்த்து’ நம் தலையில் கட்டிவிட்டான் என்கிறோம். கல்யாண வீட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பவுடர் போட்டவரைப் பார்த்தும் அதே கேலி. குற்றத்தை மறைத்தால் ‘பூசி மெழுகுகிறார்’. வெறும் பேச்சு என்றால் ‘மேல்பூச்சு’. பொய்க்கு ‘முலாம்’, கட்சிக்காரர்களுக்குச் ‘சாயம்’. ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றுகிற தொழில்களின் சொற்கள் எல்லாம் வசைப்பட்டியலில் போய் உட்கார்ந்துவிட்டன.

இருப்பதிலிருந்து எடுக்கிற தொழில்களுக்கோ ராஜமரியாதை. தச்சர் இழைப்புளியால் மரத்தைச் சுருள் சுருளாகச் சீவினால் அது இழைப்பு. கவிதையை ‘இழைத்து இழைத்து’ எழுதினார் என்று விமர்சகர் மெச்சுகிறார். கல்தச்சரின் செதுக்கல், கத்திக்காரரின் சாணை, வைரத் தொழிலாளியின் பட்டை தீட்டல், பொன்னைப் போடும் புடம் எல்லாமே பாராட்டுப் பத்திரத்துக்குரிய சொற்கள். ‘நகாசு’ மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது. அரபியில் பிறந்து உருது வழியாக நம் நகைப் பட்டறைக்கு வந்த சொல் அது. பட்டறைக்குள் இருக்கும்வரை நுணுக்கம். மேடைக்கு வந்துவிட்டால் ஜோடனை.

பூச்சுக்காரருக்கு மொழி செய்தது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. ‘பூசி மெழுகுவது’ எங்கிருந்து வந்தது? பொங்கலுக்கு முன்னால் மண்சுவரைப் பூசி, தரையைச் சாணத்தால் மெழுகிய பெண்களின் வேலையிலிருந்து. இடுப்பு ஒடியக் குனிந்து செய்த அந்த வேலையில் கள்ளம் என்ன இருந்தது?

செட்டிநாட்டு வீட்டுச் சுவரை ஒரு முறை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கோடைப் பகலிலும் சில்லென்று இருக்கும். அடிப்பூச்சில் மணல் கலந்த சுண்ணாம்பு. அதோடு கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும். மேலே போகப் போக மணல் குறையும், சுண்ணாம்பு நைசாகும். கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். வெள்ளைக்காரர்கள் இதை ‘மெட்ராஸ் சுனாம்’ என்று வியந்தார்கள். நம் சுண்ணாம்புதான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னைச் சாந்தின் செய்முறையை 1730-களின் தொடக்கத்திலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். வெல்லமும் கடுக்காயும் போட்டுச் சுவர் எழுப்புவதைப் படித்த அந்தக் கனவான்கள் பலகாரக் குறிப்பு என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை.

பூசியதோடு வேலை முடியாது. ஈரம் இழுக்கும் பதம் பார்த்து வழவழப்பான கல்லால் தேய்க்க ஆரம்பிப்பார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவரில் நீர் கசிந்து முத்து முத்தாக வியர்க்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். பளபளப்பு அந்தத் தேய்ப்பில் வருவது. பொன்வேலையில் மெருகும் இப்படித்தான். ‘மெருகேற்றுதல்’ என்கிறோமே தவிர, மெருகுக்கல் தங்கத்தின் மேல் எதையும் ஏற்றுவதில்லை. அழுத்தித் தேய்க்கிறது, அவ்வளவுதான்.

கடைசி வேலையை யார் செய்வது என்பதும் தொழிலுக்குத் தொழில் மாறும். தையல் கடையில் அது பொடியனுக்கு. தொழில் கற்க வந்தவன் ‘காஜா பையன்’. பித்தான் துளையைச் சுற்றி நூல் ஓட்டி ஓட்டித்தான் அவனுக்கு ஊசி பழகும். காஜா போர்த்துக்கீசியச் சொல். அங்கே ‘காசா’ என்றால் வீடு, அதாவது பித்தான் குடியிருக்கும் வீடு. பித்தானும் அதே கப்பலில் வந்ததுதான்.

சுவாமிமலையில் கதை தலைகீழ். வார்த்த விக்கிரகம் மண் கூட்டை உடைத்துக்கொண்டு வரும்போது கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். உலோகம் ஓடிய வழிகள் உடம்பில் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அறுத்து, அரத்தால் அராவி, உளியால் நகையும் மடிப்பும் செதுக்க நாள்கணக்கில் பல கைகள் உழைக்கும். கண் மட்டும் மூத்தவரின் கைக்கு. அதைச் செதுக்குவதாகச் சொல்வதில்லை, ‘கண் திறப்பது’ என்றுதான் சொல்வார்கள்.

இப்போது இத்தனை வேலைக்கும் ஊரெல்லாம் ஒரே சொல்தான் ஓடுகிறது. சேலை, மேசை, சுவர், சங்கிலி எதை எடுத்தாலும் ‘பினிஷிங் சரியில்லை’ அல்லது ‘பினிஷிங் சூப்பர்’. இழைப்பில் கோளாறா, மெருகில் கோளாறா என்று கேட்டால் கடைக்காரரும் விழிக்கிறார்.

மறுநாள் காலை பட்டிக்காரர் உப்புத்தாளோடு வந்தார். பத்தொன்பது வட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மத்தியானத்துக்குள் இமை முடியெல்லாம் வெள்ளை. இந்தத் தேய்ப்புக்கு அவர்கள் தொழிலில் தனியாக ஒரு பெயர் இருக்க வேண்டும், கட்டுரைக்கு ஆகும் என்ற ஆசையில், “இதுக்கு உங்க ஆளுங்க என்னண்ணே சொல்வாங்க?” என்று கேட்டேன்.

தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “பினிஷிங் சார்.”