பூமி போட்ட கோடுகள்

கட்ச் மாவட்டத்தில் பூகம்பப் பிளவுகளைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

குஜராத்தின் புஜ் நகருக்குத் தெற்கே கட்ரோல் குன்றுகள் சுவர் எழுப்பியது போலக் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. நகரைப் பார்த்த வடக்கு முகம் செங்குத்து. தெற்குப் பக்கமோ மெல்லச் சரிகிறது. வழிப்போக்கருக்கு அது வெறும் குன்று. நிலவியலாளர்களுக்கு அதன் அடிவாரம் ஒரு பூகம்பப் பிளவு.

மழையும் ஆறும் அரித்த நிலம் பெரும்பாலும் வளைந்து நெளிந்துதான் இருக்கும். குன்றின் அடிவாரம் கிலோமீட்டர் கணக்கில் நேர்கோடாகப் போனால் சந்தேகம் எழ வேண்டும். படுக்கையாக இருந்த பாறை அடுக்குகள் திடீரென நிமிர்ந்து நிற்பது, ஓடைகள் ஒரே கோட்டுக்கு வந்ததும் திசை மாறுவது, ஊற்றுகள் வரிசையாக அமைவது எல்லாம் தடயங்களே. பிளவுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பதைச் சொல்வது மேலே படிந்த இளம் மண். அதுவும் அறுபட்டிருந்தால் பிளவு அண்மைக் காலத்தில் அசைந்திருக்கிறது என்று பொருள். நிலவியலில் சில ஆயிரம் ஆண்டுகளும் அண்மைக் காலம்தான். கட்ரோல் அடிவாரத்தில் இளம் படிவுகளும் அறுபட்டிருக்கின்றன.

இதே கட்ச்சில் ஒரே நாளில் மேடு முளைத்ததும் உண்டு. 1819 ஜூன் 16 பூகம்பத்தில் பெரிய ரண் உப்புவெளியின் வடமேற்கே சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு நிலம் உயர்ந்தது. சில இடங்களில் உயரம் 6 மீட்டர் வரை. தெற்கே நிலம் தாழ்ந்து சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. சிந்து ஆட்சியாளர்கள் ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகளைப் பார்த்திருந்த மக்கள், மனிதர் கட்டாத இந்த மேட்டுக்கு 'அல்லா பந்த்' (கடவுளின் அணை) என்று பெயரிட்டார்கள்.

ஆனால் 2001 ஜனவரி 26 பூகம்பம் வேறு பாடம் சொன்னது. குஜராத்தில் 13,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அந்த முறிவு தரைக்கு மேலே வரவே இல்லை. வயல்களில் வெடிப்புகள் விழுந்தன, மணலும் நீரும் பீச்சியடித்தன; அல்லா பந்த் போன்ற மேடு எங்கும் எழவில்லை. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிராவின் கில்லாரி குலுங்கும்வரை அங்கே கரிசல் மண்ணுக்கடியில் பிளவு இருப்பது கண்டறியப்பட்டிருக்கவில்லை. அதிகாலையில் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்களுக்கு அடியில் மடிந்தார்கள்.

கோடு தெரிந்தால் அதை விட்டு விலகி வீடு கட்டலாம். கோடு தெரியாத இடத்தில் உயிரைக் காப்பது சுவரின் உறுதி மட்டுமே.