மூன்று வகுப்பிலும் 21ஆம் எண்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சுட்டிகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்! வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸின் பலகையில் கன்னடம். இந்த மூன்றையும் ஒரே ஃபைலில் டைப் செய்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடாதா? இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருந்தால், சபாஷ்!

கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது. எண்தான் தெரியும். அதனால் உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதுதான் யூனிகோடு. முதல் பதிப்பு 1991இல் வந்தது.

உங்கள் பள்ளியில் ஏ, பி, சி என்று பிரிவுகள் இருக்குமே? அதுபோலத்தான் இதுவும். தமிழ் வகுப்பு 2944இல் தொடங்குகிறது. அடுத்த அறை தெலுங்கு, 3072. அதற்கடுத்தது கன்னடம், 3200. ஒவ்வொன்றிலும் 128 இருக்கைகள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தமிழ் 'க'வின் எண் 2965. தெலுங்கு 'க' 3093. கன்னட 'க' 3221. அந்தந்த வகுப்பின் தொடக்க எண்ணைக் கழியுங்கள். என்ன வருகிறது? மூன்றிலும் 21! எழுத்தின் உருவம் வேறு, இருக்கை எண் ஒன்றே.

இது தற்செயல் இல்லை. இந்திய மொழிகளுக்காக நம் நாட்டிலேயே 'இஸ்கி' என்ற பட்டியல் இருந்தது. 1988இல் வந்த அந்த வரிசையைத்தான் யூனிகோடு எடுத்துக்கொண்டது. கன்னடத்தில் நான்கு வகை 'க' உண்டு. 21 முதல் 24 வரை உட்கார்ந்திருக்கும். நமக்கு ஒன்றே போதும். ஆகவே 22, 23, 24 காலி. 'ங' நேராக 25இல். இடம் வீணாகிறதே என்று சில பெரியவர்களுக்கு வருத்தம். எனக்கென்னவோ அந்தக் காலி இருக்கைகளைப் பிடிக்கும்.

புரிகிறதா? சரி, அடுத்தது.

சில சமயம் தமிழ் ஃபைலைத் திறந்தால் கன்னாபின்னாவென்று ஏதோ தெரியும், பார்த்திருக்கிறீர்களா? ஃபைலில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று சிறு எண்களாக மாறுகிறது. யூடிஎஃப்-8 என்ற இந்த முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். 'ஓ' என்பது 224, 174, 147 ஆகிவிடும். எடிட்டர் இதை ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ் பட்டியலை வைத்துப் படித்தால்? 224க்குத் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', 174க்கு வட்டத்துக்குள் 'ஆர்', 147க்கு ஒரு மேற்கோள் குறி. அட, நம் 'ஓ' எங்கே? பயப்படாதீர்கள், ஃபைல் கெடவில்லை. எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். 'ஓ' வந்துவிடும்.

இனி டைப் அடிப்போம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது தமிழ்99 விசைப்பலகை. அதில் உங்கள் ராயக்கோட்டைத் தக்காளியை அடித்துப் பாருங்கள். த, க, க, ஆ, ள, இ. ஆறே தட்டு! இரண்டு 'க' அடுத்தடுத்து வந்ததும் முதல் 'க' தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். 'ஆ' தட்டினால் கால் வரும், 'இ' தட்டினால் கொக்கி வரும்.

ஆனால் உள்ளே பதிவாவது ஏழு எண்கள். த, க, புள்ளி, க, கால், ள, கொக்கி. எண்ணிப் பார்த்தீர்களா? திரையில் நாம் காண்பதோ த, க், கா, ளி என்று நான்குதான். அம்புக்குறி விசையை அழுத்தினால் நல்ல எடிட்டர் நான்கே தாவலில் சொல்லைக் கடக்கும். 'க'வுக்கும் அதன் தலையிலுள்ள புள்ளிக்கும் நடுவே போய் நிற்காது.

இப்போது சொல்லின் கடைசியில் நின்று பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பல எடிட்டர்களில் 'ளி' முழுதாகப் போகாது; கொக்கி மட்டும் போய் 'தக்காள' என்று நிற்கும். ஏன் என்று உங்கள் தம்பி கேட்டால், ஏழு எண்களையும் எழுதிக் காட்டுங்கள்.