சுவரில் பூசணம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கும் மழை, ஆகஸ்டு மாதத்திற்குள் நம்மில் பலருடைய வீட்டுச் சுவர்களில் கரும்புள்ளி வைத்துவிடுகிறது. பீரோவைத் திறந்தால் ஈர வாடை. செருப்பிலும் பெல்ட்டிலும் பச்சைப் படலம். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆகவே ஊரில் நம் பெரியவர்கள் கையாண்ட முறைகள் மட்டும் இங்கே போதுவதில்லை.

பெரும்பாலோர் செய்வது என்ன? துணியால் துடைக்கிறோம். தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த ஆடியில் அதே இடத்தில் அதே கறை! ரயில் பாதையில் ஓரிடம் அடிக்கடி தாழ்ந்தால், ஜல்லியைத் திரும்பத் திரும்ப இடித்து நிரப்புவதில் பயனில்லை. அடியில் தேங்கும் நீர் வடிய வழி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு ரயில்வே வேலையில் நான் கற்ற அந்தப் பாடம் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும்.

பூசணத்தின் விதைத்தூள் காற்றில் எப்போதும் இருக்கிறது. அதைத் தடுக்க முடியாது. தூசி, பசை, தோல், பருத்தி எல்லாமே அதற்கு உணவு. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பொதுவாகப் பூசணம் பிடிப்பதில்லை.

முதலில் கண்டறியுங்கள்

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது சுவரிலிருந்து வெளிவந்த உப்பு. ஆனால் அதுவும் சுவருக்குள் நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமே.

அடுத்து, ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் குற்றவாளி அறைக் காற்றின் ஈரம்.

சுவர்ப் பக்கம் நனைந்தால் இன்னொரு கேள்வி: மழை நின்று பல வாரம் ஆன பின்னும், ஜனவரியிலும் ஈரம் இருக்கிறதா? இருந்தால் அது குழாய்க் கசிவு அல்லது மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு. மழையோடு வந்து மழையோடு போனால் வெளிச்சுவர் விரிசல், மொட்டை மாடி, சன்ஷேடு இவற்றைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, மழைநீர்க் கசிவையும் பொதுக் குழாய்க் கசிவையும் சரிசெய்யும் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. வீட்டுக்குள் இருக்கும் கழிப்பறை, தொட்டிக் கசிவு அந்த வீட்டுக்காரரைச் சேர்ந்தது. எனவே காரணம் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

மேற்கூரையில் தொடர்ந்து ஈரக்கறை இருந்தால் அலட்சியம் வேண்டாம். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் பெருகி, கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். தலையில் விழுவதற்கு முன் பூசணம் தரும் எச்சரிக்கை என்று அதை எடுத்துக் கொள்ளுங்கள்.

துணி காயப்போடும் கணக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் உள்ள காற்று, 30 டிகிரி வெப்பத்தில் முழுக்க முழுக்க நனைந்தாலும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைத்தான் தாங்கும். மழைக்காலத்தில் அது ஏற்கெனவே 85 சதவீதம் நிரம்பியிருக்கும். மீதி இடம் ஒரு டம்ளர் அளவு! கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் இருக்கும். ஜன்னலை மூடிக்கொண்டு அறையில் கொடி கட்டினால், அந்த நீர் சுவரிலும் பீரோவிலும்தான் போய் உட்காரும். துணியை பால்கனியிலோ, எக்ஸாஸ்ட் விசிறி உள்ள குளியலறையிலோ கதவைச் சாத்தி உலர்த்துங்கள். சமைக்கும்போதும் குளித்த பின்னும் அரை மணி நேரம் அந்த விசிறி ஓடட்டும்.

பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல், வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை பூச்சியைத் தடுக்கும், ஈரத்தை உறிஞ்சாது. அதற்குச் சிலிக்கா ஜெல் அல்லது கால்சியம் குளோரைடு டப்பா வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் விதைத்தூள் வீடெங்கும் பரவும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முதலில் நனைத்து, சோப்பு நீரால் தேய்த்து, உடனே உலர்த்துங்கள். உதிரும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலோடு குளியலறை ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆஸ்துமா உள்ளவர்களையும், சிறு குழந்தைகளையும், ஊரிலிருந்து வந்து தங்கும் வயதான பெற்றோரையும் பூசணச் சுவரோரம் படுக்க வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மட்டும் வரும் இருமலை "க்ளைமேட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தள்ளிவிடுகிறோம். பல வீடுகளில் ஒத்துக்கொள்ளாதது அந்த மூலைச் சுவராக இருக்கக்கூடும். டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள்.

விரிசல் அடைப்பதும் மாடி ஓட்டை பார்ப்பதும் மே மாதத்துக்குள் முடியட்டும். பெயிண்ட் வேலையைச் சுவர் நன்றாகக் காய்ந்த டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள். தீபாவளிக்கு வீடு பளபளக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட், நீரை உள்ளே வைத்துப் பூட்டிய பூட்டு. செலவு செய்த பணம் அடுத்த ஆடிக்குள் உரிந்து கீழே விழும்.