கேளாத பாடல்

மழை பெய்து ஓய்ந்த இரவில் சிறிது நேரம் செவி கொடுத்து நின்றால், புதர்தோறும் பூச்சிகள் எழுப்பும் ஒலியைக் கேட்கலாம். அவ்வொலி அடங்கியதும், எங்கும் அமைதி நிலவுவதாக நாம் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் உண்மையாகுமா? தென் அமெரிக்க மழைக்காடுகளில் கண்டறியப்பெற்ற வெட்டுக்கிளிகள் சில, 'ஆகாது' என்று நமக்கு விடை கூறுகின்றன.

வெட்டுக்கிளிகள் பல வகைப்படும். பகலில் வயல்களில் தாவித் திரியும் குட்டைக் கொம்பு வெட்டுக்கிளியை நாம் நன்கறிவோம். மயிரிழை போன்று நீண்ட உணர்கொம்புகளுடன், இரவில் இலைகளிடையே பாடித் திரிவது மற்றொரு வகை. அமெரிக்க மக்கள் இதனைக் 'கேட்டிடிட்' என்பர். அந்நாட்டில் வாழும் ஓரினத்தின் ஒலி அச்சொல்லைப் போலவே இருப்பதால் அப்பெயர் வந்தது. 'கா கா' என்று கரையும் பறவையை நாம் காக்கை என்பதைப் போன்றதே இது.

இவ்வகையில் பெரும்பாலும் ஆணே பாடும். பெண்ணை அழைப்பதற்கே அப்பாட்டு. பாடுதற்கு அது வாயைப் பயன்படுத்துவதில்லை. இறக்கைகளே அதன் இசைக்கருவி. இடப்புற முன்னிறக்கையின் அடியில், அரத்தின் பற்களைப் போன்ற நுண்ணிய வரிசை ஒன்று உண்டு. வலப்புற இறக்கையின் விளிம்பு அப்பற்களில் உராயும்போது, இறக்கை அதிர்ந்து ஒலி பிறக்கின்றது. அதனைக் கேட்கும் செவிகளோ தலையில் இல்லை. முன்னங்கால்களில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளன. சிறகில் குரலும் காலில் செவியும் கொண்ட உயிர் வியப்புக்குரியதன்றோ!

ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளையே மனிதரின் செவி உணரும். அதற்கு மேற்பட்டதைக் 'கேளா ஒலி' என்பர். மௌனமாகப் பறப்பதாகக் கருதப்பட்ட வௌவால்கள் கேளா ஒலியை எழுப்புகின்றன என்பதை, 1938இல் அமெரிக்க அறிஞர்களான பியர்சும் கிரிஃபினும் கருவியின் துணைகொண்டு உலகிற்கு அறிவித்தனர். செவி எட்டாத இடத்திற்குக் கருவி எட்டியது.

அத்தகைய கருவிகள் பின்னர் மேலும் நுட்பமாக வளர்ந்தன. அவற்றைக் கொண்டு கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மழைக்காட்டு வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த அறிஞர் குழுவினர், 2014இல் மூன்று புதிய இனங்களை வெளிப்படுத்தினர். அவை மூன்றும் அதுவரை அறியப்படாத ஒரு பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்திற்குச் 'சூப்பர்சோனஸ்' என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் 'சூப்பர்' என்பது மேல். 'சோனஸ்' என்பது ஒலி. அம்மூன்றும் பாடும்போது நொடிக்கு முறையே 1,15,000, 1,25,000, 1,50,000 அதிர்வுகள் எழுகின்றன. இவற்றுள் இறுதியானது நம் செவியின் மேல் எல்லையைப் போல் ஏழரை மடங்காகும். கணுக்காலிகளின் அழைப்பொலிகளுள் அதுவரை அறியப்பட்டவற்றில் இதுவே மிக உயர்ந்தது. அஃது இரைச்சலற்ற மெல்லொலியும் அன்று. 15 செ.மீ. தொலைவில் அதன் வலிமை 110 டெசிபெலைக் கடக்கின்றது!

இத்துணை வலிய ஒலியை எழுப்பும் இறக்கையின் பரப்போ அரைச் சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனைக் கொண்டு பறக்க இயலாது, பாடவே இயலும். உட்குழிந்த வலப்புற இறக்கை முதுகின்மேல் கவிந்து ஒரு சிறு அறையைத் தோற்றுவிக்கின்றது. வீணையின் குடம் நரம்பின் ஒலியைப் பெருக்குவதுபோல், அவ்வறை இறக்கையின் ஒலியைப் பெருக்குகின்றது.

இவ்வளவு உயர்ந்த ஒலி எதற்கு? வௌவால்களுள் சில, பாடும் பூச்சியின் குரலை ஒற்றறிந்து வந்து அதனைக் கவ்விச் செல்லும். அதிர்வு மிகுந்த ஒலியோ காற்றில் விரைவில் தேய்ந்து மறையும். ஆகவே, அருகிலுள்ள பெண்ணுக்குக் கேட்கும் பாட்டு, தொலைவிலுள்ள பகைக்கு எட்டாமற் போகலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

புதிய இனம் ஒன்றைக் கண்டேன் என்று கூறினால் மட்டும் போதாது. முன்னரே பெயர் பெற்ற இனங்களோடு அதனை ஒப்பிட்டு, உறுப்புகளை அளந்து, வேறுபாடுகளை எழுதி வெளியிடல் வேண்டும். அளவுகோலாகக் குறிக்கப்பெற்ற ஓருடலைக் காட்சிசாலையில் காத்தலும் வேண்டும். பின்வருவோர் ஐயுற்றால் அதனைக் கண்டு தெளிவர். இவ்வெட்டுக்கிளிகளைப் பொறுத்தவரை, உடலை மட்டும் எழுதியிருந்தால் அவ்வுயிர்களைப் பற்றிய செய்தி பாதியாகவே நின்றிருக்கும். குரலையும் அளந்து எழுதிய பின்னரே அது நிறைவுற்றது.

உலகில் வெப்பமண்டல மழைக்காடுகள் ஆண்டுதோறும் அழிக்கப்பட்டு வருகின்றன. மரம் வீழும் ஓசை நம் செவிக்குக் கேட்கின்றது. அம்மரத்தின் இலைகளில் பாடிக்கொண்டிருந்த உயிரின் குரல் நின்றதோ நமக்குக் கேட்பதில்லை. பெயர் பெறாத உயிர் மறைந்தால், மறைந்தது இன்னதென்று சொல்லவும் ஒருவர் இரார். ஆதலின், நாம் கேளாதவற்றையெல்லாம் இல்லாதவை என்று எண்ணாதிருத்தலே அறிவின் முதற்படியாகும்.