குடும்பத்தோட தீம் குரூஸ்: புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

போன ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோட கொல்லிமலை போயிருந்தோம். நான், மனைவி, ரெண்டு பசங்க, அப்பா, அம்மான்னு மொத்தம் ஆறு பேர். செம்மேட்டுல வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவின்னு பக்கா பிளான். ஆனா காரவள்ளி தாண்டினதும் வர்ற 70 கொண்டை ஊசி வளைவுல சின்னவனுக்கு மூணு தடவை வாந்தி. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். மூட்டு வலின்னு அம்மா கோயில்லயே உட்கார்ந்துட்டாங்க, துணைக்கு அப்பா, அவரோட சின்னவன். ஆக, ஆறு பேருக்குச் செலவு பண்ணி அருவியைப் பார்த்தது மூணு பேர்.

மலை இறங்கும்போது மனைவி சொன்னாங்க: "அடுத்த வருஷம் கப்பல்ல போலாங்க. லிஃப்ட் இருக்கும், படி ஏற வேண்டாம்." நியாயமான பேச்சு. அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி, தீம் யாருக்கு? சிங்கப்பூர்லேர்ந்து கிளம்புற டிஸ்னி அட்வெஞ்சர் கப்பலை எடுத்துக்கோங்க. 3 இல்ல 4 ராத்திரி, நடுவுல எந்த ஊர்லயும் இறங்க மாட்டோம், கப்பல்தான் டூரே. பசங்களுக்குச் சொர்க்கம். எங்க அம்மாவுக்கு? மிக்கி மவுஸோட ஒரு போட்டோ, அவ்வளவுதான். அதே அம்மாகிட்ட இலங்கை ரூட்டைச் சொன்னா முகம் மலரும். கார்டெலியா கப்பல் 2022 ஜூன்ல சென்னையிலேர்ந்து ஓட ஆரம்பிச்சு, 2023 ஜூன்ல அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு. திருகோணமலைன்னா கோணேஸ்வரம், காங்கேசன்துறையில இறங்கினா நல்லூர் பக்கம். (கோணேஸ்வரமும் மேட்டு மேலதான் இருக்குன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல.) சீசனுக்குச் சீசன் ரூட்டும் கிளம்புற துறைமுகமும் மாறும். அதனால நீங்க போற மாசத்துக்கு என்ன இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் வீட்டுல வாயைத் திறங்க.

ரெண்டாவது, விளம்பரத்துல பெருசா போட்டிருக்கிற ரேட். அது பெரும்பாலும் ஒரு கேபின்ல ரெண்டு பேர் தங்கினா ஒருத்தருக்கு ஆகுற ரேட், அதுவும் ஜன்னல் இல்லாத உள் கேபினுக்கு. மூணாவது, நாலாவது ஆளுக்குக் குறையலாம். ஆனா ஆறு பேர்னா குறைஞ்சது ரெண்டு கேபின். அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஒரு ராத்திரிக்கு ஒருத்தருக்கு இவ்வளவுன்னு டிப்ஸ், வைஃபை, கரையில சுத்திப் பார்க்குற டூர். "சாப்பாடு ஃப்ரீ"ன்னு சொல்லுவாங்க, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்டும் கூல் டிரிங்க்ஸும் பல கப்பல்ல தனி பில். கப்பல் டாக்டருக்கும் தனியா காசு. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா டிராவல் இன்சூரன்ஸை மட்டும் விட்டுடாதீங்க, அவங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற சுகர், பிபியை மறைக்காம எழுதுங்க.

வெளிநாட்டு பேக்கேஜ்னா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது போன காசு இல்ல, ஐடிஆர் போடும்போது கணக்குல வந்துடும். ஆனா அதுவரைக்கும் கையில இருக்காது. பழைய வரி முறையில இருக்கிறவங்க எல்டிஏ நினைச்சு சந்தோஷப்படாதீங்க. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுலயும் டிக்கெட் செலவு மட்டும்தான்.

இன்னொண்ணு, ஃபிளைட் டிக்கெட். இதே டிஸ்னி அட்வெஞ்சர் 2025 டிசம்பர்ல முதல் பயணம் கிளம்ப வேண்டியது, 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போச்சு. கப்பல் காசு திரும்பி வந்தாலும், ரீஃபண்ட் இல்லாத ஃபிளைட்டும் ஹோட்டலும் போட்டிருந்தா அந்தக் காசுக்கு யார் பொறுப்பு? அதனால புதுக் கப்பலோட முதல் சில பயணங்களுக்கு நான் காசு கட்ட மாட்டேன்.

இப்போ பணம். ஒரு பேச்சுக்கு எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய்னு வைங்க. 16% வட்டியில பர்சனல் லோன், 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 11,750. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 42,000. எங்க கொல்லிமலை டூர் மொத்தமும் அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு! அதுக்குப் பதிலா மாசம் 13,000 ஆர்டி, 18 மாசம் போட்டா 6.5% வட்டியில சுமார் 2,46,000 கையில இருக்கும். நாலு மாசம் போட்டுட்டு உங்களால முடியலன்னா, கேபினைக் குறைங்க, இல்ல ராத்திரியைக் குறைங்க. போனஸ் வரும்னு நம்பி மட்டும் புக் பண்ணாதீங்க, வந்த போனஸ்ல பண்ணுங்க.

கடைசியா நான் போட்ட கணக்கு: மொத்தச் செலவை ஆறால வகுக்காம, உண்மையா அனுபவிக்கப் போறவங்க எண்ணிக்கையால வகுத்தேன். டிஸ்னின்னா எங்க வீட்டுல நாலு பேர். அப்போ தலைக்கு 40,000 இல்ல, 60,000. கோயில் இருக்கிற ரூட்டுன்னா அஞ்சு பேர், 48,000. அஞ்சுல பெரியவன் இல்ல, அவனுக்கு வாட்டர் ஸ்லைடு வேணுமாம். சின்னவன் கடல்ல வாந்தி எடுப்பானான்னு தெரியாது, கேபினைக் கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல கேட்டு வாங்கினா ஆட்டம் கொஞ்சம் குறையும்.

வீட்டுல இன்னும் ஓட்டெடுப்பு முடியல. அப்பா மட்டும், "ரெண்டு நாள் சும்மா கடலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா போதும்டா"ன்னுட்டார். ஆர்டி மட்டும் அஞ்சாம் தேதி அஞ்சாம் தேதி போயிட்டிருக்கு.