கவர்னர் மேல் குற்றமில்லை!

சென்னைவாசிகளிடம் "கவர்னர்" என்று சொன்னால் அவர்களுடைய மனம் கிண்டிப் பக்கம் போய்விடுவது சகஜம். நான் சொல்லப் போகும் கவர்னருக்கு மாளிகையும் இல்லை, பாராக்காரர்களும் இல்லை. ஒரு பழைய டிராக்டரின் என்ஜின் ஓரத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்புக் கூட்டுக்குள் அவர் குடியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர்மேல் ஒரு பெரும் பழி விழுந்தது.

நாங்கள் மயிலாப்பூரில் வசிப்பவர்கள். மதுராந்தகத்துக்கு அருகே கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே பெரியப்பாவின் பெர்குஸன் டிராக்டர் ஒன்று நிற்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட 'டி.இ.20' என்ற ஜாதியைச் சேர்ந்தது அது. ஹாரி பெர்குஸன் என்ற ஐரிஷ்காரர் அமைத்த அந்த யந்திரத்தின் வம்சத்தில் வந்தவைதான் 1960-ல் சென்னையில் தோன்றிய டாபே கம்பெனி செம்பியத்தில் செய்யத் தொடங்கிய மாஸி பெர்குஸன் டிராக்டர்கள். பிந்தியவை டீஸலில் ஓடுபவை. கார்புரேட்டர் என்பதே அவற்றுக்குக் கிடையாது. எங்களுடையதோ பெட்ரோல் வண்டி.

அந்த வண்டிக்குத் திடீரென்று ஒரு வியாதி வந்தது. என்ஜின் 'ஹோ'வென்று உறுமும், உடனே மூச்சு அடங்கி முனகும், மறுபடியும் உறுமும். ஏரில் பூட்டினால் நாலு சால் போவதற்குள் நின்றுவிடும். ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்தார். "கவர்னர் போய்விட்டது. இந்தக் காலத்தில் இதற்குச் சாமான் கிடைக்காது. புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். எண்பது வயதைத் தாண்டிய பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அவர் இலையில் உட்காரவும் இல்லை.

கவர்னர் செய்யும் வேலை

உழும்போது மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. கடின மண் வந்தால் என்ஜினுக்குப் பாரம் கூடி வேகம் குறையும். இளகிய மண் வந்தால் வேகம் ஏறும். ஒவ்வொரு தடவையும் ஓட்டுகிறவனே கையால் சரிசெய்துகொண்டிருக்க முடியுமா? அதற்காக ஏற்பட்டவர்தான் கவர்னர். சுழலும் குண்டுகள் ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம். வேகம் ஏறினால் குண்டுகள் வெளியே விரிந்து, ஒரு கம்பியின் வழியாகக் கார்புரேட்டரின் கதவைச் சாத்துகின்றன. வேகம் குறைந்தால் குண்டுகள் ஒடுங்கிவிடும். ஸ்பிரிங் கதவைத் திறந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை 1788-ல் நீராவி யந்திரத்துக்குப் பொருத்தியவர் ஜேம்ஸ் வாட். அது ஏன் சில சமயம் நிலைகொள்ளாமல் அலைகிறது என்று ஆராய்ந்து, மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 1868-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதே 1868-ல்தான் நம் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளி தொடங்கியதாகவும், 1906-ல் அது கோயமுத்தூருக்கு மாறியதாகவும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சரித்திரம் கூறுகிறது. கவர்னர் அலைவது, ஆகவே, நேற்று வந்த வியாதியல்ல.

கம்பியைப் பிடித்துப் பார்த்தீர்களா?

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டை அடுத்த ஒரு சந்தில் முதிய மெக்கானிக் ஒருவரைக் கண்டுபிடித்தேன். நான் வியாதியைச் சொல்லி முடித்ததும், "கம்பியைக் கையால் பிடித்துப் பார்த்தீர்களா, தம்பி?" என்று ஒரே கேள்வி கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "கவர்னரை விசாரிக்காமலே தண்டித்துவிட்டீர்களே!" என்று சிரித்தார்.

அவர் சொன்ன பரீட்சை இது. டிராக்டரை நியூட்ரலில் நிறுத்தி, நடுத்தர வேகத்தில் ஓடவிட வேண்டும். ஒருவர் ஸ்விட்சின் மேல் கை வைத்துத் தயாராக இருக்க வேண்டும். மற்றொருவர் கார்புரேட்டர் கதவின் நெம்புகோலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ஜின் உடனே சீராக ஓடினால் குற்றம் கவர்னர் பக்கம்: கம்பியின் மூட்டுக்கள் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கதவு அசையாதபோதும் என்ஜின் ஏறி இறங்கினால் கவர்னர் நிரபராதி. கார்புரேட்டர், பெட்ரோல் வரும் வழி, தீப்பொறி இவற்றில் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. எக்காரணம் கொண்டும் கம்பியைக் கழற்றி விட்டு என்ஜினைக் கிளப்பக் கூடாது. கட்டுக்கு அடங்காத வேகத்தில் ஓடி உடைந்து போகும்.

ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போனோம். பெரியப்பா ஸ்விட்சின் மேல் கை வைத்து நின்றார். நான் நெம்புகோலைப் பிடித்தேன். என்ஜின் முன்போலவே உறுமியது, முனகியது. பெரியப்பாவின் முகத்தில் அன்றுதான் முதல் முறையாக ஒளி வந்தது.

கார்புரேட்டர் விசாரணை

முதலில் பெட்ரோல் வரும் வழியைப் பார்த்தோம். டாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டால் காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் என்ஜின் பிழைத்துக்கொள்ளும். எங்கள் மூடி சரியாகவே இருந்தது. பிறகு கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி, ரயிலில் ஏறி, மெக்கானிக்கிடம் கொண்டு சேர்த்தேன்.

அவர் பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே 'களக்' என்று சத்தம் கேட்டால் அது ஓட்டை. பெட்ரோல் மட்டம் மீறி வழியும். சத்தம் இல்லை. அடுத்து ஜெட்டுகள். பெரிய ஜெட் அடைத்தால் சும்மா நிற்கும்போது ஓடும்; பாரம் ஏறினால் சாகும். சிறிய ஜெட் அடைத்தால் மெதுவான ஓட்டம் கெடும். எங்கள் சிறிய ஜெட்டில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. "கம்பியால் குத்தாதீர்கள்; துவாரம் பெருத்துவிடும். காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்" என்று எச்சரித்தார். நமது தேசத்தில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஆகவே மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது உத்தமம்.

கடைசியில் உண்மைக் குற்றவாளி அகப்பட்டான். கதவைத் தாங்கும் அச்சைச் சுற்றியுள்ள துவாரம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அந்த இடுக்கின் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, கலவையைப் பலவீனப்படுத்தியது. என்ஜின் தளர்ந்ததும் கவர்னர் கதவைத் திறந்தார். வேகம் எகிறியதும் சாத்தினார். அவர் தம் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தார்! கடைசல் பட்டறையில் ஒரு சிறு பித்தளை வளையம் கடைந்து பொருத்தியதும் ஆட்டம் நின்றது.

புறப்படும்போது மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னார். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் அருகிவிட்டதாம். "பையன்கள் இதைக் கற்றுக்கொள்வதில்லை, தம்பி. சரியாகத் தெரியாததை 'போய்விட்டது' என்று சொல்வது சுலபம்" என்றார்.

அடுத்த ஞாயிறு டிராக்டர் நாலு சாலைத் தாண்டி ஐந்தாவதில் திரும்பியபோது, வரப்பில் நின்ற பெரியப்பா, "ஏண்டா, புதுப்பேட்டையில் கிலோ என்ன விலை சொன்னார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என்ஜின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது.