உங்களுக்குத் தெரியுமா? பெரும்பான்மை இல்லாமலே ஓர் ஆட்சி

விருதுநகர் மாவட்டத்து வ. புதுப்பட்டிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் போய்வரும் ஸ்ரீவில்லிபுத்தூர், 1952-இல் காமராஜரை மக்களவைக்கு அனுப்பிய தொகுதி. அப்போது வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலையே இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் ஒட்டிய சின்னம்; பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது.

அதே தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152தான். எதிர்த்தரப்போ கம்யூனிஸ்டுகள், ஆந்திரத் தலைவர் பிரகாசத்தின் கட்சி, உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி, சுயேச்சைகள் என்று சிதறிக் கிடந்தது. காங்கிரஸார், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவந்து முதல்வராக்கினார்கள். இன்றைக்கு நடந்திருந்தால் டீக்கடைகள் தாங்குமா? காமன்வீல் தலைவர் மாணிக்கவேலருக்கு மந்திரி பதவி கிடைத்தது; அவர் கட்சியின் ஆதரவும் சேர, ஆட்சி நிமிர்ந்துகொண்டது. 1954-இல் ராஜாஜி விலக, நாற்காலிக்கு வந்தவர் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.